சிறந்த தோழி, இரண்டாம் பரிசு

நான் சொல்லப் போவது இப்படியேதான் நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. நடந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் எங்கள் வீட்டில் நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறோம். அண்ணன் சொல்வதில் அண்ணன் சற்றுப் பெருந்தன்மையாக வருகிறான். அண்ணி சொல்வதில் அண்ணி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள். அண்ணன் மகள் வாண்டு சொல்வதில் அவள் கீழே விழவேயில்லை, தரைதான் மேலே வந்துவிட்டது.

என் ஞாபகத்தில் நான் சரியான நேரத்தில் வாயைத் திறந்திருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்கு அது நடக்கிற காரியமாகத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. அந்த இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

இந்தத் தொடரில் போன வாரம் நாம் நிறுத்திய இடம் வெள்ளிக்கிழமை மாலை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எங்கள் கடைக்குள் வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

உள்ளே இருந்தது எங்கள் கடைக் கோப்பைதான். பரிசுக் கோப்பைகளும் பெயர்த்தகடுகளும் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அந்தக் கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த தகட்டில், ‘சிறந்த தோழி – இரண்டாம் பரிசு’ என்று பொறித்திருந்தது. பொறித்தது நான். அதை அவருடைய மகளின் ஏழாவது பிறந்த நாளுக்குக் கொடுத்தவள் வாண்டு.

“வெச்சுக்க இடமில்லைன்னு பாப்பா சொல்றா” என்றார் அவர். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை.

அவருடைய மகளை நாங்கள் கண்ணாடிக்காரி என்று கூப்பிடுவோம். சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. அந்தப் பட்டத்தை அவளே தனக்குச் சூட்டிக்கொண்டாள். வாண்டுவும் அவளும் மூன்று வருடமாக ஒரே பெஞ்சு, ஒரே குடை, ஒரே ஜலதோஷம். பிறந்த நாளுக்கு மறுநாள் கண்ணாடிக்காரி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை நடக்கும் விளையாட்டு விழாவில் மூன்றுகால் ஓட்டத்துக்கு இருவர் பெயரும் சேர்த்துக் கொடுத்திருந்தது. “நான் அவகூடக் காலைக் கட்டிக்க மாட்டேன்” என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம்.

“பொறாமை” என்றாள் வாண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது குனிந்து பார்த்தேன். அவளுடைய இடது கால் மேசையின் காலோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது. பழகின கால்.

*

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் இது புரியும்.

நசுங்கினது, பூச்சு போனது, கைப்பிடி கோணினது என்று விற்க முடியாத கோப்பைகளை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவருவான். வாண்டுவுக்கு முதல் பல் விழுந்ததா, ஒரு கோப்பை. ஊசி போடும்போது அழவில்லையா, ஒரு கோப்பை. தானே ஷூ மாட்டிக்கொண்டாளா, அதற்கு ஒன்று (இடது கால் ஷூவை வலது காலில் மாட்டியிருந்தாள், இருந்தாலும்). எல்லாவற்றிலும் ‘முதல் பரிசு’. போட்டியில் இருந்தது அவள் ஒருத்திதான்.

இப்படி இருபத்துமூன்று கோப்பைகள் அவளுடைய அலமாரியில் நிற்கின்றன. தூசி தட்டுவது நான்.

ஆகவே அவள் ஒரு மாலை கடைக்கு வந்து, “அத்தை, ஒரு சிறந்த தோழி, ரெண்டாம் பரிசு” என்று டீ சொல்வதுபோல் சொன்னபோது நான் பொறித்துக் கொடுத்தேன். யாருக்கு என்று கேட்கவில்லை. பள்ளியில் ஏதோ போட்டி என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கேட்பது பேசுவதாகிவிடும், பேசினால் அவள் நிறுத்த மாட்டாள், எனக்கு வேலை இருந்தது.

*

சனிக்கிழமை காலை அண்ணி சீருடையை மாட்டிக்கொண்டு, நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஆறரைக்குப் பணிமனையில் இருக்க வேண்டும்.

அண்ணன் குளித்து முடித்து ஈரத் தலையோடு வந்து அறிவித்தான்.

“கண்டுபிடிச்சுட்டேன். குழந்தைக்குப் பணிவு கத்துக் குடுக்கணும். அவ்வளவுதான் விஷயம்.”

“அதை நான் ரெண்டு வருஷமா சொல்றேன்” என்றாள் அண்ணி.

“சொன்னா வராது. குழந்தைங்களுக்கு ஒரு ஊக்கம் வேணும். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அவ பணிவா இருந்தான்னா...” அண்ணன் நிறுத்தினான். “பணிவுக்கு ஒரு கப்பு!”

அண்ணி ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

“ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதுவும் நசுங்கினதுன்னு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்களா?”

“நீ பாரு. வேலை செய்யும்.”

“பணிவுல முதல் பரிசு. நல்லா இருக்கு. நான் பஸ் எடுக்கப் போறேன். அங்கயாவது சொன்னா நிக்கும்.”

அண்ணி போன பிறகு வாண்டு எழுந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கண்கள் அகன்றன.

“எத்தனை மணி வரைக்கும் பணிவா இருக்கணும்?”

“பன்னெண்டு மணி.”

“பணிவுன்னா என்ன?”

அண்ணன் யோசித்தான். “நான்தான் பெரிய ஆளுன்னு சொல்லிக்காம இருக்கிறது.”

“அவ்வளவுதானா?” என்றாள் வாண்டு. “எனக்கு ரொம்ப ஈஸி. நான் யாரைவிடவும் நல்லா பண்ணுவேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

*

அன்று காலை கடையில் அவள் பணிவாக இருந்த அழகை எழுத எனக்குத் திறமை போதாது.

விழாவுக்கான கோப்பைகள் எங்கள் கடையிலிருந்துதான் போக வேண்டும். பன்னிரண்டு போட்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்று, ஆக முப்பத்தாறு. ஒரு மணிக்குள் பெட்டியில் இருக்க வேண்டும். முதல் பரிசுத் தகடுகளை அண்ணன் வெள்ளியன்றே இயந்திரத்தில் பொறித்து முடித்திருந்தான். இரண்டாவதும் மூன்றாவதும் பாக்கி. இயந்திரம் பொறிக்கும். நான் தகட்டை வாங்கி, படித்துச் சரிபார்த்து, கோப்பையில் ஒட்ட வேண்டும். ஒன்றிரண்டு தகடு என்றால் கையால் பொறிப்பதும் நான்தான்.

வாண்டு கடை வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: “நான் ரொம்பச் சாதாரணமான பொண்ணு.”

தபால்காரர் திடுக்கிட்டார். “யாரும்மா அப்படிச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன். எங்க கிளாஸ்ல வேற யாருக்கும் இது தெரியாது.”

உள்ளே வந்து அண்ணனோடு தாயக்கட்டை ஆடினாள். தோற்றாள். “பாத்தீங்களாப்பா, விட்டுக் குடுத்துட்டேன். நெனச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன். சொல்லிக்கல” என்றாள். மணி பதினொன்று ஆவதற்குள் “இன்னும் எவ்வளவு நேரம்ப்பா பணிவு?” என்று எட்டுத் தடவை கேட்டாள்.

பதினொன்றரைக்கே அண்ணன் சரணாகதி அடைந்தான். இரண்டாம், மூன்றாம் பரிசுத் தகடுகளைத் தொடங்கவிருந்தவன் அதை விட்டுவிட்டு, ‘பணிவு – முதல் பரிசு’ என்று ஒரு தகடு அடித்தான். பிறகு ‘பணிவு’ என்ற சொல்லை அழித்துவிட்டு, பாக்கி இருபத்துநான்குக்குமாக மீண்டும் பொத்தானை அழுத்தினான்.

அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பொத்தானை அழுத்திய விரல். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. தகடுகள் வந்தன. படிக்க வேண்டிய நான், வாண்டு புதுக் கோப்பையைப் பைக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டே ஒட்டினேன்.

அதை எங்கே எடுத்துப் போகிறாள் என்று இந்தத் தடவையும் நான் கேட்கவில்லை.

*

விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கயிற்றில் வண்ணக் காகிதம் கட்டியிருந்தார்கள். வெயிலைவிட ஒலிபெருக்கி அதிகமாக அடித்தது. பந்தல் ஓரத்துப் பெஞ்சில் கண்ணாடிக்காரி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். ஓடமாட்டேன் என்றவள் எதற்கு இரட்டை முடிச்சு போட வேண்டும் என்று நினைத்தேன்.

வாண்டு நேராக அவளிடம் போனாள். நான் நாலடி பின்னால்.

“இங்க பாரு” என்று பையிலிருந்து கோப்பையை எடுத்து நீட்டினாள். “நான் மாறிட்டேன். இப்ப நான்தான் பணிவுல ஃபர்ஸ்ட்.”

கண்ணாடிக்காரி தகட்டைப் படித்தாள். அவள் எதையும் மெதுவாகத்தான் படிப்பாள், ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்து.

“அப்ப ரெண்டாவது யாரு?” என்று கேட்டாள்.

வாண்டு கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நானா?” என்றாள் கண்ணாடிக்காரி. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்து திடலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

விளையாட்டு டீச்சர் வந்து, மூன்று மணிக்குள் ஜோடி வந்து நிற்காவிட்டால் இரண்டு பேரையும் அடித்துவிடுவதாகச் சொன்னார். பட்டியலிலிருந்துதான். வாண்டு அதைக் கேட்கவில்லை. கோப்பையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி மாட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது.

அப்போதுதான் மேடையிலிருந்து தலைமை ஆசிரியை அண்ணனைக் கூப்பிட்டார்.

*

பெட்டி திறந்திருந்தது. முப்பத்தாறு கோப்பைகளும் மேசைமேல் வரிசையாக நின்றன. வெயிலில் பளபளத்தன. முப்பத்தாறிலும் ‘முதல் பரிசு’.

“எங்க பிள்ளைங்க கெட்டிக்காரங்கதான்” என்றார் தலைமை ஆசிரியை. “ஆனா எல்லாருமே முதல் பரிசு வாங்குற அளவுக்கான்னு எனக்குத் தெரியல.”

அண்ணன் ஒரு கோப்பையை எடுத்தான். அடுத்ததை எடுத்தான். பத்தாவது கோப்பையில் இரண்டாம் பரிசு இருக்கும் என்பதுபோல் எடுத்துக்கொண்டே போனான். எங்கள் கடைப் பலகையில் இரண்டு வரி உண்டு. ‘தவறில்லாத எழுத்து’ என்பது முதல் வரி. ‘சொன்ன நேரத்தில்’ என்பது இரண்டாவது. பதினாறு வருடமாக அண்ணன் அந்த முதல் வரியின்மேல்தான் நிமிர்ந்து நடக்கிறான்.

“மெஷின் மேடம்” என்றான். “இந்த மெஷின் இருக்கே...”

சொல்லிக்கொண்டே திரும்பினான். வாண்டு அவன் இடுப்பு உயரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருக்கிற முகம். அவள் தப்பு செய்யும்போது எங்களிடம் சாக்காகச் சொல்கிற ‘பென்சில்தான்’, ‘செருப்புதான்’ எல்லாம் எங்கிருந்து வந்தன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“மெஷின் இல்ல மேடம். நான்தான். நடுவுல வேற ஒண்ணு அடிச்சேன், அதுக்கப்புறம் மாத்தாம விட்டுட்டேன். என் தப்பு.”

நான் சந்தேகப்படச் சொன்ன இடம் இதுதான். “என் தப்பும்தான். படிச்சுப் பாக்க வேண்டியது நான், பாக்கல” என்று நான் சொன்னது உண்மை. அண்ணன் சொன்னவுடனேயே சொன்னேனா, வாண்டு அப்பாவை விட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பிய பிறகு சொன்னேனா என்பதுதான் தெரியவில்லை. உடனே சொன்னதாகத்தான் ஞாபகம். வாண்டு என்னைப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். “சரி, இப்ப என்ன பண்ணலாம்?”

புதிதாக அடிக்க நேரமில்லை. “தகட்டை உரிச்சுடலாம்” என்றேன். “வெறும் கப்பாக் குடுத்துடுங்க. வர்ற வாரம் சரியான தகடு ஒட்டித் தர்றோம்.”

“முதல் பரிசுக்கு மட்டும் தகடு இருந்தா மத்ததுங்க அழும். எல்லாத்தையும் உரிச்சுடுங்க” என்றார்.

*

மேசையைப் பந்தல் ஓரத்துப் பெஞ்சுக்கு எதிரே போட்டுக்கொண்டோம். தகட்டை உரிப்பது பார்க்கத்தான் எளிது. ஒரு மூலையை நகத்தால் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கோப்பையின் பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

“நானே எல்லாத்தையும் பண்ணிடுவேன்!” என்று வாண்டு குதித்து வந்தாள். முதல் கோப்பையில் பூச்சு வந்தது. இரண்டாவதில் தகடு பாதியில் மடிந்தது. மூன்றாவதில் அவளுடைய நகம்.

நகத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்றவள், பக்கத்தில் கேட்ட சின்ன ‘டப்’ சத்தத்துக்குத் திரும்பினாள். கண்ணாடிக்காரி பெஞ்சின் கோடியிலிருந்து, யாரையும் பார்க்காமல், ஒரு கோப்பையை மடியில் வைத்து உரித்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. தகட்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி வழியே மூலையைத் தேடினாள். தூக்கினாள். இழுத்தாள். டப்.

வாண்டு நான்கு கோப்பை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிப் பண்ற?” என்று கேட்டாள்.

இந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஏழு வருடத்தில் அந்தக் குழந்தை யாரிடமும் இதைக் கேட்டு நான் கேட்டதில்லை. அண்ணனின் கை ஒரு நொடி நின்றது.

“மெதுவா” என்றாள் கண்ணாடிக்காரி.

“நானும் மெதுவாத்தான் பண்ணேன்.”

“இல்ல. நீ மெதுவா பண்றேன்னு சொல்லிக்கிட்டே வேகமா பண்ண.”

அண்ணன் இருமினான். வாண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்திலும் இல்லாமல் தூரத்திலும் இல்லாமல், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். எனக்கு மிகவும் கூச்சமாக இருந்தது. பெரியவர்களிடமே எனக்குப் பேச்சு வராது. ஏழு வயதுக்காரியிடம் மன்னிப்புக் கேட்க எந்த வார்த்தையில் தொடங்குவது?

“கண்ணாடி” என்றேன். “உன் பிறந்த நாள் கப்புல எழுதினது நான்தான். யாருக்குன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டிருந்தா எழுதியிருக்க மாட்டேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எழுத்து நல்லாத்தான் இருந்தது அத்தை” என்றாள்.

நான் மேசையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டேன். நல்ல வேளையாக, வாண்டு என் மடிக்குக் குறுக்கே தலையை நீட்டினாள்.

“நான் ஒண்ணும் உன்னைக் கம்மியா சொல்லல. ஃபர்ஸ்ட் நானு. எனக்கு அடுத்து நீ. மத்த எல்லாரும் உனக்குக் கீழ. மூணாவதே நான் யாருக்கும் குடுக்கல தெரியுமா?”

பாவம், அவள் வரையில் அது பெரிய கௌரவம். முழு உலகத்தையும் வரிசையில் நிற்க வைத்து, தனக்கு அடுத்த இடத்தைக் காலியாக வைத்து, அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

கண்ணாடிக்காரி கையிலிருந்த தகட்டை உரித்து முடித்தாள்.

“நான் உனக்கு நம்பரே போடலையே” என்றாள்.

எனக்கு மௌனங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். வாழ்க்கையில் பாதியை அதில்தான் கழித்திருக்கிறேன். வாண்டுவிடமிருந்து இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. நான் இரண்டு தகடு உரித்தேன். கண்ணாடிக்காரி மூன்று. குறுக்கே நீண்டிருந்த தலை மெல்லப் பின்னால் போயிற்று.

பிறகு ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்ட கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டி வெளியே எடுத்து, ‘பணிவு’ கோப்பையைக் கண்ணாடிக்காரியின் பக்கம் நீட்டினாள்.

“இதையும் எடுத்துடு.”

“நீயே எடு.”

“நான் எடுத்தா பூச்சு வந்துடும்.”

“மூலையை நான் தூக்கித் தர்றேன். இழுக்கிறது நீ.”

நான் எழுந்துகொண்டேன். என் இடத்தில் இப்போது ஒரு கோப்பைதான் இருந்தது, அதன்மேல் நான்கு சின்னக் கைகள். வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டதில் கன்னம் உப்பியிருந்தது. தகடு வந்தது. அடியில் ஒரு மூலையில் லேசாகப் பூச்சு போயிருந்தது.

“கொஞ்சம் போயிடுச்சு” என்றாள் வாண்டு. தன் வாயால், தானாக. பென்சில் மேலும் பழி போடவில்லை, செருப்பு மேலும் போடவில்லை.

“முதல் தடவைக்கு இது ஓகே” என்றாள் கண்ணாடிக்காரி. பிறகு குனிந்து, ஏற்கெனவே இரட்டை முடிச்சு போட்டிருந்த நாடாவை இன்னும் ஒரு தடவை இறுக்கினாள். “மணி மூணு ஆகப் போகுது. வர்றியா இல்லையா?”

*

மூன்றுகால் ஓட்டத்தில் ஏழு ஜோடிகள். வாண்டுவின் இடது காலும் கண்ணாடிக்காரியின் வலது காலும் ஒரு துணிப்பட்டையில் கட்டப்பட்டன. பயிற்சியின்போதெல்லாம் வாண்டு “சீக்கிரம் வா, சீக்கிரம் வா” என்று இழுத்துக்கொண்டு ஓடுவாள். இவள் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். அது என்ன முணுமுணுப்பு என்று யாரும் கவனித்ததில்லை.

“நீ எப்பவும் என்னமோ சொல்லிக்கிட்டே வருவியே, என்ன அது?” என்று கோட்டில் நிற்கும்போது வாண்டு கேட்டாள்.

“எண்ணுவேன். ஒண்ணுன்னா கட்டின கால், ரெண்டுன்னா கட்டாத கால்.”

“எனக்கும் சேத்தா?”

“உனக்கும் சேத்துத்தான். இல்லாட்டி விழுந்திருப்போமே.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா, ‘நான் எண்ணுறேன்’னு சொல்லுவ.”

வாண்டு இதை மறுக்கவில்லை. “இன்னிக்குச் சத்தமா எண்ணு” என்றாள்.

விசில் ஊதியது. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. பாதித் திடல் வரை மூன்றாவதாக வந்தார்கள். முன்னால் ஓடிய ஜோடியைப் பார்த்ததும் வாண்டுவின் பழைய ரத்தம் கொதித்தது. ஒரே இழுப்பு. இருவரும் ஒரு மூட்டையாக விழுந்தார்கள்.

“ஸாரி, நான்தான் இழுத்தேன்!” என்று புழுதிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. கண்ணாடிக்காரி அதைச் சரிசெய்துகொள்ளும் வரை வாண்டு காத்திருந்தாள். மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது. பிறகு மறுபடி, ஒண்ணு, ரெண்டு.

ஆறாவதாக வந்தார்கள். ஏழாவது ஜோடிக்குக் கட்டு அவிழ்ந்து, ஆளுக்கு ஒரு திசையில் போய்விட்டது.

“அப்பா! ஆறாவது!” என்று முட்டியில் ரத்தத்தோடு வாண்டு கத்திக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் வந்தார்கள். கட்டை அவிழ்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

அண்ணனின் கை தானாகவே பெட்டிப் பக்கம் போனது.

“கை எங்க போகுது?” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. பணி முடிந்து சீருடையோடே வந்து நின்றிருந்தாள் அண்ணி. “ஆறாவதுக்குக் கப்பு அடிக்கப் போறீங்களா?”

“ஈ ஓட்டினேன்” என்றான் அண்ணன். பிறகு, “இல்ல. கப்பைத்தான் எடுக்கப் போனேன்” என்றான்.

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பரவாயில்லையே” என்றாள்.

*

இன்று திங்கள்கிழமை, மணி இரண்டு. இதுவரை ஆனது இவ்வளவுதான்.

அண்ணன் கடைப் பலகையின் முதல் வரியைச் சுரண்டி எடுத்துவிட்டான். ‘சொன்ன நேரத்தில்’ மட்டும் இருக்கிறது, அதுவும் எத்தனை நாளைக்கு என்று அண்ணி கேட்கிறாள். அண்ணி வழக்கம்போல் பேருந்து ஓட்டுகிறாள். பரிசு வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் வெறும் கோப்பையோடு வீட்டுக்குப் போனார்கள். சரியான தகடுகளை நான் இரண்டு தடவை படித்துவிட்டு இன்று காலை பள்ளிக்கு அனுப்பினேன். வாண்டுவின் அலமாரியில் இருபத்துமூன்று கோப்பைகளும் அப்படியே இருக்கின்றன. ஒரேயடியாக எடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. பல் விழுந்ததற்கு வாங்கியதில் மட்டும் தகட்டை உரித்து, உள்ளே பென்சில் போட்டிருக்கிறாள். பணிவுக் கோப்பை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வீட்டில் இருக்கிறதாம். பாப்பா அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறாள், வைத்துக்கொள்ள இடம் கிடைத்துவிட்டது என்று அவரே வந்து சொன்னார்.

செய்தித்தாளில் சுற்றி வந்த கோப்பை என் மேசைமேல் நிற்கிறது, தகடு இல்லாமல். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது வாண்டு கடைக்கு வந்து, “அத்தை, இதுக்கு ஒரு தகடு வேணும்” என்றாள்.

“யாருக்கு?” என்று கேட்டேன்.

“அவளுக்குத்தான்.”

“என்ன எழுதணும்?”

அவள் வாயைத் திறந்தாள். நிறுத்தினாள். “இருங்க” என்றாள். “அவகிட்டயே கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

பள்ளி மூன்றரைக்கு விடும். தகட்டை வெட்டித் துடைத்து வைத்திருக்கிறேன்.